அடுப்புக்கும் மேசைக்கும் நடுவே

புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளின் விளம்பரக் கையேட்டைப் புரட்டினால் ‘ஓப்பன் கிச்சன்’ படம் ஒன்று கட்டாயம் இருக்கும். ஹாலோடு ஹாலாக நீளும் வெள்ளைச் சமையல் மேடை, அதன் ஓரத்தில் உயரமான ஸ்டூல், திறந்து வைத்த மடிக்கணினி, கிண்ணத்தில் பச்சை ஆப்பிள். அடுப்பு மட்டும் எரியாது. மிக்ஸி கண்ணில் படாது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கி, அலுவலகம் வீட்டுக்குள் நுழைந்த பிறகு இந்தப் படத்துக்கு மவுசு கூடியது. படுக்கையறை மூலையில் முதுகொடிய வேலை பார்த்தவர்களுக்கு, வெளிச்சமான ஹாலில் உட்கார்ந்து ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் திரையிலுமாக நாளை ஓட்டலாம் என்பது நல்ல யோசனையாகவே பட்டது. யோசனையில் தவறில்லை. அதைக் கட்டுகிற விதத்தில்தான் கோளாறு.

ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவே நிற்கும் நாலரை அங்குலச் செங்கல் சுவர் மூன்று வேலை செய்கிறது. பார்வையை மறைக்கிறது. புகையையும் நெடியையும் தடுக்கிறது. சத்தத்தைக் குறைக்கிறது. சுவரை இடிப்பவர் பெரும்பாலும் முதல் வேலையை மட்டும் நினைத்துத்தான் இடிக்கிறார்: சமைப்பவர் தனியே கிடக்கக் கூடாது, பிள்ளை கண்ணில் பட வேண்டும், வீடு பெரிதாகத் தெரிய வேண்டும். சுவர் போகும்போது மற்ற இரண்டும் சேர்ந்தே போய்விடுகின்றன. கண்ணுக்குத் திறந்தும் காற்றுக்கு மூடியும் இருக்கிற அடுப்படிதான் நம் சமையலுக்கும் இன்றைய வேலைக்கும் ஒத்துவரும் என்பது என் கணிப்பு. புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. நூற்றைம்பது வருஷத்துப் பழைய யோசனைதான்.

1869இல் அமெரிக்காவில் கேத்தரின் பீச்சரும் அவருடைய தங்கை ஹேரியட் பீச்சர் ஸ்டோவும் சேர்ந்து ‘தி அமெரிக்கன் வுமன்ஸ் ஹோம்’ என்ற நூலை வெளியிட்டார்கள். தங்கை ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலால் உலகப் புகழ் பெற்றவர். அக்காள் பெண் கல்விக்காக உழைத்தவர். வேலையாள் வைத்துக்கொள்ளாத குடும்பத்துக்கு வீட்டை எப்படி அமைப்பது என்பதுதான் நூலின் கேள்வி. அவர்கள் பார்த்தது கப்பலை. நீராவிக் கப்பலில் இருநூறு பேருக்குச் சமைக்கிறவர் ஓரிரு எட்டுக்குள் எல்லாச் சாமானையும் எடுத்துவிடுகிறார். வீட்டில் மட்டும் ஏன் நாள் முழுக்க நடக்க வேண்டும்? அதனால் மாவு, பாத்திரம், நறுக்கும் பலகை, தொட்டி எல்லாவற்றையும் சன்னல் வெளிச்சத்தில் ஒரே மேடையில் வரிசையாக வைத்தார்கள். ஆனால் அடுப்பை அந்த அறையில் வைக்கவில்லை. அதற்குப் பக்கத்தில் தனியாக ஓர் அறை. இரண்டுக்கும் நடுவே கண்ணாடி பதித்த நகரும் கதவுகள். சூடும் வாசனையும் மேடைப் பக்கம் வரக் கூடாது, ஆனால் அடுப்பு கண்ணில் பட வேண்டும். சமையல் வேலையை அவர்கள் இரண்டாகப் பிரித்துவிட்டார்கள்: கையால் செய்கிற வேலை ஒருபுறம், தீயால் செய்கிற வேலை மறுபுறம். இன்றைய வீட்டு வரைபடங்களில் காணாமல் போன பிரிவு இதுதான்.

அடுத்து எல்லோரும் சொல்கிற பெயர் மார்கரெட்டே ஷுட்டே-லிஹோட்ஸ்கி. வியன்னாவில் படித்த கட்டடக் கலைஞர். 1926இல் பிராங்க்ஃபர்ட் நகரம் எர்ன்ஸ்ட் மையின் தலைமையில் தொழிலாளர் குடியிருப்புகளைக் கட்டியபோது அவற்றுக்கான சமையலறையை இவர் வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டர் அகலம், 3.4 மீட்டர் நீளம். ரயிலின் உணவுப் பெட்டியில் இருந்த குறுகிய சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. கிறிஸ்டின் ஃபிரெடெரிக் என்ற அமெரிக்கப் பெண்மணி தொழிற்சாலைக் கணக்கை வீட்டு வேலைக்குப் பொருத்தி எழுதிய நூல் இன்னொன்று. சர்க்கரைக்கும் அரிசிக்கும் கைப்பிடியோடு அலுமினிய இழுப்பறைகள், வண்டு வராமலிருக்க மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, ஈ ஒதுங்கும் என்ற நம்பிக்கையில் நீலப் பச்சை வண்ணம், மடித்து இறக்கும் இஸ்திரிப் பலகை. சுமார் 10,000 வீடுகளில் இது பொருத்தப்பட்டது. இத்தனையும் செய்தவர் அதற்கு முன் தான் சமைத்ததே இல்லை என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். எனக்கு அது குறையாகப் படவில்லை. பழக்கம் கண்ணை மறைக்காததால்தான் ஒவ்வோர் எட்டையும் அவரால் எண்ண முடிந்திருக்கும்.

இந்தச் சமையலறை மீது பின்னால் வந்த பெண்ணியர்கள் வைத்த குற்றச்சாட்டு கடுமையானது: பெண்ணைத் தனியறையில் அடைத்துவிட்டது, இரண்டாவது ஆள் உள்ளே வந்து உதவ இடமே இல்லை என்றார்கள். நியாயந்தான். ஆனால் ஒன்றை மறக்கிறார்கள். அந்தச் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே அகலமான நகரும் கதவு ஒன்று உண்டு. அதைத் திறந்து வைத்தால் விளையாடும் குழந்தை தெரியும், சாப்பாட்டு மேசை சில எட்டில் இருக்கும். மூடினால் ஆவி கூடத்துக்குப் போகாது. கூடத்துக்குள்ளேயே அடுப்பு வைக்கும் பழைய தொழிலாளர் வீட்டு முறையை அவர் யோசித்துப் பார்த்துத்தான் கைவிட்டார். திறப்பதா மூடுவதா என்பதை அந்தந்த நேரத்துக்கு விட்டுவிடும் கதவு அவருடைய தீர்வு.

சுவரைத் துணிந்து எடுத்தவர்களில் முக்கியமானவர் ஃபிராங்க் லாய்ட் ரைட். விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகையாளரின் குடும்பத்துக்கு 1936-37இல் அவர் கட்டிய வீட்டின் செலவு, தன் கட்டணமும் சேர்த்து 5,500 டாலர். 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த அவருடைய எட்டுக் கட்டடங்களில் அதுவும் ஒன்று. ‘எல்’ வடிவ வீடு; கூடம் ஒரு கையில், படுக்கையறைகள் மறு கையில். இரண்டும் சந்திக்கும் முனையில், கணப்படுப்பின் செங்கல் கட்டுக்குப் பின்னால் சமையலறை. சாப்பாட்டு மேசை அதை ஒட்டி. சமைப்பவர் நின்ற இடத்திலிருந்து வீட்டையே பார்த்துக்கொள்ளலாம். வீட்டைத் திறந்துவிட்ட புகழ் ரைட்டுக்குப் போனது. அவர் செய்த இன்னொரு காரியம் கவனிக்கப்படவில்லை. சமையலறையின் கூரையைக் கூடத்துக் கூரையைவிட உயர்த்தி, உச்சியில் சன்னல் வைத்தார். சூடான காற்று மேலே எழுந்து அங்கேயே வெளியேறிவிடும். பக்கவாட்டில் திறந்ததற்கு ஈடாக மேல்நோக்கி ஒரு வழி. அவரைப் பார்த்துச் சுவரை எடுத்தவர்கள் அந்த உயரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. ஆறாவது மாடியில், தலைக்கு மேல் இன்னொருவர் வீடு இருக்கையில் எடுத்துக்கொள்ளவும் முடியாது.

அடுப்படிக்குள் அலுவல் மேசை போட்டவரும் உண்டு. நிர்வாகவியலில் பேர்பெற்ற லில்லியன் கில்பிரெத், 1933 சிகாகோ உலகக் கண்காட்சியில் இல்லத்தரசிக்கான நிர்வாக மேசை ஒன்றை ஐபிஎம் நிறுவனத்தோடு சேர்ந்து காட்சிக்கு வைத்தார். கடிகாரம், தொலைபேசி, வரவு செலவுக் கோப்புகள் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். ஆனால் அந்த மேசையில் நடக்க வேண்டியது வீட்டு வேலையின் கணக்குத்தான்; வெளி அலுவலகத்தின் வேலை அல்ல. வீட்டிலேயே தொழில் செய்த வடிவமைப்பாளர்கள் சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1949இல் கலிஃபோர்னியாவில் கட்டிக்கொண்ட வீட்டைப் பார்த்தால் வேறுபாடு புரியும். குடியிருக்க ஒரு கட்டடம், பட்டறைக்கு ஒரு கட்டடம், நடுவே ஒரு முற்றம்.

முற்றம் என்றதும் நம் ஊர் வீடுகள் நினைவுக்கு வரும். தெருவைப் பார்த்த திண்ணையில்தான் கணக்குப்பிள்ளை உட்கார்ந்தார், பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள், வியாபாரம் பேசப்பட்டது. அடுப்படி கடைசிக் கட்டில், கிணற்றடிக்கும் கொல்லைக்கும் பக்கத்தில். செட்டிநாட்டு வீடுகளில் முகப்பில் ஆண்களின் தொழில் பேச்சு, வளவைத் தாண்டி இரண்டாம் கட்டில் பெண்களின் வேலை. புகை தெருப்பக்கம் வராமலிருக்க முற்றமும் ஓட்டுக் கூரையின் புகைபோக்கியும் உதவின. இதைக் காற்றோட்டத்தின் ஞானம் என்று மட்டும் புகழ்வது பாதி உண்மை. அடுப்படியை அந்நியர் கண் படாத இடத்துக்குத் தள்ளியதில் தீட்டுக்கும் சாதிக்கும் பெண்ணை மறைப்பதற்கும் பங்கு உண்டு. அந்தத் தடையைச் சுவரோடு சேர்த்து இடிக்க ஒரு தலைமுறை ஆசைப்படுவதில் எனக்கு மறுப்பே இல்லை. புகைக்கு மட்டும் அந்தச் சமூகவியல் தெரியாது.

நம் சமையல் எப்படிப்பட்டது என்பதை வெளியூர்க்காரர்கள் ஒருமுறை தாங்களே கண்டுகொண்டார்கள். 2007 அக்டோபரில் லண்டன் சோஹோ பகுதியில் தெருவே இருமியது. நச்சு வாயுவோ என்ற சந்தேகத்தில் போலீஸ் தெருவை அடைத்தது, தீயணைப்பு வீரர்கள் ஒரு தாய்லாந்து உணவகத்தின் கதவை உடைத்து உள்ளே போனார்கள். கிடைத்தது ஒரு பாத்திரம் நிறைய மிளகாய் வறுவல். நம் வீடுகளில் சாம்பார்ப் பொடிக்கு மிளகாய் வறுக்கிற நாளில் நடக்கிற அதே கதை. காப்சைசின் ஆவியோடு எழுந்து தொண்டையைக் கமறச் செய்கிறது. அதுகூடப் பரவாயில்லை, கொஞ்ச நேரத்தில் போய்விடும். தாளிக்கும்போதும் பொரிக்கும்போதும் கிளம்பும் எண்ணெய்த் துகள் அப்படிப் போவதில்லை. 2018இல் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சோதனை வீட்டில் ஒரு முழு விருந்தைச் சமைத்துக் காற்றை அளந்தார்கள். உள்ளே நுண்துகள் உலகின் மாசு மிகுந்த நகரங்களின் அளவை எட்டியது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டி, பி.எம். 2.5 துகள் 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. தினம் மூன்று வேளை தாளிக்கிற வீட்டில், அடுப்பிலிருந்து பத்தடியில் எட்டு மணி நேரம் உட்காருவதென்றால் இதை யோசிக்க வேண்டும்.

சிம்னி இருக்கிறதே என்பார்கள். இங்கேதான் மின்விசிறி குறுக்கே வருகிறது. தமிழ்நாட்டு அடுப்படிகளில் தலைக்கு மேல் விசிறி மாட்டும் வழக்கம் குறைவு. சுடர் சாயும், அணையும் என்பதால் வேர்க்க வேர்க்கச் சமைப்பார்கள். ஹாலிலோ விசிறி இல்லாமல் உட்கார முடியாது. இரண்டையும் ஒன்றாக்கியதும், மேசையில் இருப்பவர் விசிறியைப் போடுகிறார். சுடர் பாத்திரத்தின் ஒரு பக்கமாகச் சாய்கிறது. நேராக எழுந்து சிம்னிக்குள் போக வேண்டிய ஆவித் தூண் பாதியில் கலைந்து ஹால் முழுக்கப் பரவுகிறது. சமைப்பவர் வந்து விசிறியை நிறுத்துகிறார். பிறகு யாராவது ஏ.சி. போடலாம் என்கிறார்கள். சன்னல், கதவு எல்லாம் அடைத்து ஏ.சி. ஓடும் அறையில், வெளியே தள்ளுவதற்கு ஈடான காற்று உள்ளே வராததால் சிம்னி மூச்சு வாங்குகிறது. மூன்று மாதம் கழித்து விசிறி இறக்கையைத் தொட்டுப் பார்த்தால் விரல் ஒட்டும். அந்தப் பிசுக்கு மடிக்கணினியின் காற்றுத் துளையிலும் இருக்கும்.

சிம்னி வாங்குகிறவர்கள் பார்ப்பது அட்டையில் அச்சிட்ட உறிஞ்சும் திறனை. குழாய் நீண்டால், இரண்டு மூன்று இடத்தில் வளைந்தால், அந்த எண் வெகுவாக இறங்கிவிடும். குழாயே இல்லாமல் கரி வடிப்பான் வழியாகக் காற்றைத் திரும்ப ஹாலுக்கே அனுப்பும் வகை, வாசனையைக் கொஞ்சம் குறைக்கும். ஈரத்தையும் அடுப்பு வாயுவையும் ஒன்றும் செய்யாது. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தினர் அளந்து பார்த்ததில், பின்வரிசை பர்னரின் புகையை உறிஞ்சுகிற அளவுக்கு முன்வரிசைப் புகையைச் சிம்னிகள் உறிஞ்சுவதில்லை என்று தெரிந்தது. சுவரை ஒட்டி எழும் ஆவி கலையாமல் மேலே போகிறது. அப்படியானால் விளம்பரப் படத்தில் வருகிற, அறையின் நடுவே தீவு மாதிரி நிற்கும் மேடையில் அடுப்பை வைப்பது நம் சமையலுக்கு மிக மோசமான இடம். பின்னால் சுவரே கிடையாது. மின்காந்த இண்டக்‌ஷன் அடுப்புக்கு மாறினால் வாயு எரிவதால் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு ஒழியும், விசிறிச் சண்டையும் பாதி தீரும். அதற்காக வத்தக்குழம்பின் நெடி குறையப்போவதில்லை.

காற்றுக்கு அடுத்தது சத்தம். சாதாரணப் பேச்சு 60 டெசிபெல் அளவு. மிக்ஸி 80ஐத் தாண்டும். இடைப்பட்ட வித்தியாசம் சிறிதாகத் தெரியும். டெசிபெல் கணக்கில் 20 கூடினால் ஒலியாற்றல் நூறு மடங்கு. இருந்தும் சத்தத்தைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். சட்னி அரைக்க இரண்டு நிமிஷம். அது யாரை எப்போது தொந்தரவு செய்கிறது என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியைக் கேட்டால் வடிவமைப்பின் அடிப்படையே வெளியே வரும்: மேசையில் இருப்பவரும் அடுப்பில் நிற்பவரும் ஒரே ஆளா, இரண்டு ஆளா?

ஒரே ஆள் என்றால் சத்தம் பிரச்சினையில்லை; கூட்டத்தில் பேசிக்கொண்டே எவரும் மாவு அரைப்பதில்லை. அவருக்கு வேண்டியது பார்வை. பால் பொங்குவது தெரிய வேண்டும், குக்கரில் எத்தனையாவது விசில் என்பது கேட்க வேண்டும், எழுந்தால் நாலு எட்டில் அடுப்பை அணைக்க வேண்டும். இரண்டு ஆள் என்றால் நிலைமை தலைகீழ். ஒருவரின் வேலை நேரம் மற்றவரின் சமையல் நேரம். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடமும், ஈடுபட்ட ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். ஆண்களில் ஈடுபட்டோரே நூற்றுக்கு 26 பேர்தான். ஆகவே ‘அவர் மீட்டிங்கில் இருக்கிறார், மிக்ஸியைப் போடாதே’ என்பது பல வீடுகளில் எந்தத் திசையில் சொல்லப்படும் என்பதைக் கணிக்கக் கட்டடக் கலை படிக்க வேண்டியதில்லை. திறந்த அடுப்படி சமைப்பவரைக் குடும்பத்தோடு சேர்க்கும் என்றார்கள். இந்த வீடுகளில் அது அவரை மற்றவரின் அலுவலகத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, வாயை மூடச் சொல்கிறது.

சரி, எப்படித்தான் கட்டுவது? சென்னையில் சாதாரணமாகக் கிடைக்கும் இரண்டு படுக்கையறை வீட்டை எடுத்துக்கொள்வோம். அடுப்படி எட்டுக்கு எட்டு, அதற்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கவும் வாஷிங் மெஷின் வைக்கவும் ‘யுட்டிலிட்டி’ என்று ஒரு சின்ன பால்கனி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) தனிச் சாப்பாட்டு இடம் உள்ள வீட்டில் அடுப்படிக்குக் கேட்கும் குறைந்தபட்ச அளவு 5 சதுர மீட்டர். எட்டுக்கு எட்டு என்பது அதைவிடச் சற்றுப் பெரிது, பிராங்க்ஃபர்ட் சமையலறைக்கு ஒரு கை குறைவு. இந்த வீட்டில் அடுப்பு யுட்டிலிட்டி பக்கத்து வெளிச்சுவரை ஒட்டிப் போக வேண்டும். சிம்னிக் குழாய் வளையாமல் நேரே வெளியே போகும். அக்னி மூலை அங்கே அமையாவிட்டால் வாஸ்துக்காரர் ஏதாவது சொல்வார். பரிகாரமும் அவரே சொல்வார். மிக்ஸியும் கிரைண்டரும் யுட்டிலிட்டிக்கு. ஹால் பக்கத்துச் சுவரில் இடுப்பளவு விட்டுவிட்டு, மேலே இரண்டு அல்லது மூன்று பாளமாக நகரும் கடினக் கண்ணாடி. நறுக்குவது, பிசைவது, பரிமாறுவது எல்லாம் கண்ணாடிக்கு இப்பால், ஹாலில். பீச்சர் சகோதரிகள் செய்த அதே பிரிவு. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்களுக்கு இது புதிதாக இராது. தாளிக்கவும் பொரிக்கவும் பின்னால் ‘வெட் கிச்சன்’, முன்னால் பார்வைக்கு ‘டிரை கிச்சன்’ என்று அங்கே வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது.

தாளிக்கும்போது கண்ணாடியை முழுக்க அடைக்கக் கூடாது. நாலைந்து விரல்கடை இடைவெளி விட்டால், சிம்னி இழுக்கிற காற்று ஹாலிலிருந்து அடுப்படிக்குள் போகும். நெடி எதிர்த்திசையில் வராது. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும் என்பதால், வெளிச்சுவரின் அடியில் அடைக்க முடியாத ஒரு துளை வேண்டும்.

மேசை விஷயத்தில் பலரும் ஏமாறுவது உயரத்தில். சமையல் மேடை 85 சென்டிமீட்டர் அளவில் இருக்கும்; எழுதும் மேசைக்கு 75 போதும். ஒரே கிரானைட் பலகையை நீட்டி ‘இதுவே டெஸ்க்’ என்று விட்டால், உயர ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்து மாலைக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும். பத்து சென்டிமீட்டர் இறக்கித் தனி மரப் பலகையாகப் போட வேண்டும். அந்த இறக்கம் இன்னொரு நன்மையும் செய்கிறது: மேடையில் சிந்தும் தண்ணீர் மடிக்கணினிப் பக்கம் ஓடி வராது. உட்காருபவரின் முகம் அடுப்படியைப் பார்த்தும் முதுகு சுவரைப் பார்த்தும் இருக்கட்டும். அவருக்கு அடுப்பு தெரியும்; வீடியோ கூட்டத்தில் மற்றவர்களுக்குச் சுவர் மட்டுமே தெரியும், கழுவாத பாத்திரம் தெரியாது. சன்னல் பக்கவாட்டில் அமைந்தால் திரையில் கண்கூசாது.

இடிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தூணும் உத்தரமும் போட்டுக் கட்டிய கட்டடத்தில் இந்தச் சுவர் வெறும் நிரப்பு, எடுக்கலாம். மைவன் என்று பில்டர்கள் சொல்கிற அலுமினிய அச்சு முறையில் கட்டிய புதிய அடுக்குமாடிகளில் சுவர்களே கட்டடத்தைத் தாங்கும் கான்கிரீட். அங்கே அரை அடி வெட்டுவதும் மேல்வீட்டுக்காரரோடு சம்பந்தப்பட்ட விஷயம். வடிவமைப்புப் பொறியாளரின் எழுத்து இல்லாமல் சுத்தியலை எடுக்கக் கூடாது. ஹாங்காங்கில் 2011 தீப்பாதுகாப்பு விதிகள், திறந்த அடுப்படி வேண்டுமென்றால் அதற்கு மேல் தானே நீர் தெளிக்கும் தீயணைப்பு முனை, புகை உணரும் கருவி, வெளிவாசலை ஒட்டி 600 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தீ தாங்கும் முழுச் சுவர் எல்லாம் கேட்கின்றன. தீப்பிடித்தால் வாசலுக்கு ஓடும் வழி அடுப்பைத் தாண்டிப் போகிறதா என்பதுதான் அதன் சாரம். நம் வரைபடத்தை வைத்துக்கொண்டு நாமே அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குச் சுவரும் கண்ணாடியும் வெறும் பேச்சுத்தான். அவர்கள் இரண்டு காரியம் செய்யலாம். அடுப்பைக் கல்லின் விளிம்பிலிருந்து உள்ளே சுவரோடு தள்ளி வைப்பது ஒன்று; எக்ஸாஸ்ட் விசிறி மட்டும் இருந்தாலும் புகை ஒழுங்காகப் போகும். மிக்ஸிக்கு யுட்டிலிட்டியில் ஒரு பிளக் பாயின்ட் போட்டுக்கொள்வது இன்னொன்று. எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலை, வீட்டுக்காரரும் மறுக்க மாட்டார்.